கையால் திருத்தியது

பகலில் அந்த நிரல்
செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிகளை
வரிசையில் நிறுத்தும்.
வண்டி எண், வந்த நேரம், மொத்த எடை, வெற்று எடை.
ஆலை வாசல் கண்ணாடிக் கூண்டில்
ஏழு வருடமாக நான் அழுத்துவது ஒரே பொத்தான்:
அடுத்தது.

சனிக்கிழமை இரவில்
பெடோங் கடைவீதி, ஆ ஹோக்கின் டயர்க்கடை மாடியில்
எழுதித் தந்த தம்பியிடம் கெஞ்சி வாங்கிய நகல்
பூதங்களை வரிசையில் நிறுத்தும்.
வண்டி எண் இருந்த கட்டத்தில் பெயர்.
வந்த நேரத்துக்குப் பதில்
இருபது முகப் பகடை சொன்ன எண்.
எடைக்குப் பதில் உயிர்.
வெற்று எடைக் கட்டத்தை நீக்கத் தெரியவில்லை,
அதில் காயங்களை எழுதுகிறேன்.

தாளில் கணக்கு வைத்தபோது
ஒரு சண்டை முடிய மூன்று மணி நேரம்.
யார் முறை, யாருக்கு விஷம்,
எந்தச் சிலந்தி எத்தனை அடி வாங்கியது,
ஆளுக்கொரு கணக்கு.
புஷ்பலீலா நொறுக்கிய எலும்புக்கூடு
இரண்டு சுற்று கழித்து வந்து அவளையே குத்தியது.
"செத்தது எப்படிடி அடிக்கும்?"
மந்திரம் என்றேன். மறதி.

இப்போது செத்தவை சாம்பல் நிறமாகின்றன.
விஷம் ஏறியவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி,
மூன்று சுற்றில் தானே மறையும்.
ஒரே குறை, எது செத்தாலும் திரையில்
"சரக்கு இறக்கப்பட்டது" என்றுதான் வரும்.
மாற்றக்கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள்.
ஒவ்வொரு சாவுக்கும் மேசையே சேர்ந்து அதைக் கத்தும்,
கீழே டயர்க்கடை நாய் பதில் சொல்லும்.
ஒரு திங்கள் காலை நகலை மாற்றித் திறந்துவிட்டேன்.
ஆலை வாசல் பலகையில் சிவப்பெழுத்து:
அடுத்தது குகைச் சிலந்தி.
ஒன்பது லாரி ஹாரன்.

விக்கினராஜ் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறான்.
பதினேழாவது, இருபத்திரண்டாவது என்று
ஸ்டீயரிங் மேல் காலைப் போட்டு
மைலோ பாக்கெட் உறிஞ்சிக்கொண்டு காத்திருப்பான்.
இரவில் அவன் கோடரி வீரன்.
பகடை அவனுக்கு இரண்டு தரும். மூன்று தரும்.
போன மாதம் ஒன்று.
கோடரியை ஓங்குவதற்குள் களம் காலி.
"இங்கேயும் கடைசியா?" என்று சிரிப்பான்.
சிரிப்பு மட்டும் அவனுக்கு முதலில் வரும்.

கண்ணாடிக்குக் கீழே பத்து வெள்ளியை மடித்து
நீட்டியவர்கள் உண்டு,
இரண்டு வண்டி முன்னால் தள்ளச் சொல்லி.
என் விரல் அசைந்ததில்லை.
விக்கி நீட்டியதில்லை.

போன சனி தகரத்தில் மழை,
தாக்குதலைக்கூடக் கத்தித்தான் சொல்லவேண்டும்.
மலைப்பூதம், எண்பத்து நான்கு உயிர்.
தர்ஷினி விழுந்தாள். புஷ்பலீலா விழுந்தாள்.
சர்வின் நான்கு உயிரோடு தூணுக்குப் பின்னால்.
விக்கியின் முறை, வழக்கம்போல் கடைசி.
வீசினான். பட்டது. பதினொன்று.

திரை என் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது.
பூதத்துக்குப் பதிமூன்று மிச்சம்.
பதிமூன்றில் பதினொன்று போனால் எவ்வளவு என்று
தமிழ்ப்பள்ளி முதலாமாண்டுப் பிள்ளையும் சொல்லும்.

நான் பூஜ்யம் தட்டினேன்.

சரக்கு இறக்கப்பட்டது!
விக்கி நாற்காலி மேல் ஏறிவிட்டான்.
ஆ ஹோக் பின்கட்டிலிருந்து ஓடி வந்து
எந்த டயர் வெடித்தது என்று கேட்டான்.

வீட்டில் கோப்பை மூடும்போது கண்ணில் பட்டது.
ஆலைக்காக நானே சண்டை போட்டு வாங்கிய வசதி,
எடையை யார் தொட்டாலும் பதிவாகும், அழியாது.
இரவு 11.42. மலைப்பூதம்.
இருந்தது 13. ஆனது 0.
கையால் திருத்தியது: லோகசுந்தரி.

திங்கட்கிழமை அவன் வண்டி பத்தொன்பதாவது.
கண்ணாடி வழியே என்னைப் பார்த்து
கையைத் தூக்கிக் கோடரி வீச்சு ஒன்று.
நான் பதினெட்டு வண்டிகளையும் எடை போட்டேன்,
ஒவ்வொன்றாக.